பாட்டா இறந்தபோது அவருக்கு என்ன வயது?

அருமனைக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழையும் என் அண்ணன், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரங்களுக்குக் குறையாமல் பால்வெட்டி முடிப்பவர். 2021-ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அவரால் அது முடியவில்லை. நூற்றைம்பது மரங்களைக் கடப்பதற்குள் மூச்சு இரைத்து, ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். மதினிதான் ஒரு நாள் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்து, அது வெளுத்துக் கிடப்பதைக் கண்டு, பக்கத்து ஊரிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 7.1 கிராம் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மருந்தும் ஒரு டானிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். எட்டு மாதம் அதையே தின்றார். ஹீமோகுளோபின் 9 வரை ஏறும். மாத்திரை தீர்ந்த மாதத்தில் மறுபடியும் இறங்கும்.

அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை. சோறும் மீனும் மரச்சீனியும் குறைவில்லாமல் உண்கிற 44 வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைகிறது என்றால், பெரும்பாலும் உடம்புக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்று பொருள். எங்கே கசிகிறது என்று தேடாமல் இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். வயதுவந்த ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவால் சோகை வந்தால், இரைப்பையையும் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களிடையே நிலைபெற்றுவிட்ட நடைமுறை. எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வந்திருந்தது பெருங்குடல் புற்றுநோய் என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் மலத்தில் ஒரு சொட்டு இரத்தம்கூடக் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல், வலப்புற அடிவயிற்றில் தொடங்கி, மேலேறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே சென்று, மண்ணீரலுக்கு அருகில் மறுபடியும் திரும்பி, இடப்புறமாக இறங்கி மலக்குடலில் சேர்கிறது. வலப்பக்கக் குடல் அகலமானது. அதனுள் இருக்கும் கழிவும் கூழாக நீர்த்திருக்கும். ஆகவே அங்கே ஒரு கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தாலும் அடைப்பு ஏற்படாது. அதிலிருந்து நாள்தோறும் கசியும் சிறிதளவு இரத்தம் கழிவோடு கலந்து நிறம் மாறிப் போய்விடும். களைப்பும் மூச்சிரைப்பும் வெளுத்த கண்ணிமையும்தான் அதன் அறிகுறிகள். இடப்பக்கக் குடல் ஒடுக்கமானது. அங்கே கட்டி வந்தால் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறிமாறி வரும், மலம் மெலிந்து வரும், இரத்தம் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரிந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்குப் போகிற சாலையில், மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் மருந்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைச் சுவரெங்கும் பார்க்கலாம். இரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு ஆண்டுகள் கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டார், உறைப்பை விட்டார், சுடுநீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். எடை குறையத் தொடங்கிய பிறகு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். அப்போது நோய் கல்லீரலில் ஏறிவிட்டிருந்தது. 1996-இல் 49 வயதில் இறந்தார். மூலம் என்பது மிகப் பொதுவான தொல்லை, இரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் மூலம் இருக்கிறவருக்குப் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

எங்கள் ஊரில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அவரு ஆர்.சி.சி.க்குப் போறாரு" என்பார்கள். 1981-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தின் பெயரே எல்லைக்கு இப்பக்கம் நோயின் பெயராகிவிட்டது. அண்ணனை நாங்கள் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனது 2022 ஆடியில். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் வலப்பக்கக் குடலில் கட்டி தெரிந்தது, அதில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியானது. அறுவை சிகிச்சைக்கு முன்பு எங்களோடு பேசிய மருத்துவர், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மலையாளத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். ஆணுக்கு ஒரு சதுரம், பெண்ணுக்கு ஒரு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று வரைந்துகொண்டே வந்தவர், அப்பாவின் அப்பாவிடம் வந்து நின்றார். பாட்டா எதனால் இறந்தார்? இறந்தபோது அவருக்கு என்ன வயது? அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் நிலத்தின் பழைய பத்திரமான முன்னாதாரம் இருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் மலையாள எழுத்தில் எழுதப்பட்ட அதில், பாட்டாவின் அப்பாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது, கிழக்கே யாருடைய விளை, மேற்கே எந்தத் தோடு (ஓடை) என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எந்தெந்த உறவினர் வீடுகள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுபோயின என்று வீட்டில் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். கல்யாணப் பேச்சு என்றால் ஐந்து தலைமுறை உறவுமுறையைத் தடுமாறாமல் சொல்லும் பெரியவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அவர்களில் யாருக்கும் பாட்டா எதனால் இறந்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் நெய்யாற்றின்கரையில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பாறசாலையில் இருக்கும் மாமி வீட்டுக்கும் நேரில் போய்க் கேட்டுக் கேட்டு அந்தப் படத்தை நிரப்பினோம். பாட்டா வயிறு வீங்கி, உணவு இறங்காமல், ஐம்பதை ஒட்டிய வயதில் இறந்திருக்கிறார். மூத்த பெரியப்பா 78 வயதில் நலமாக இருக்கிறார். இளைய பெரியப்பா 53 வயதில் குடல் அடைத்து இறந்தார். அப்பா 49. அப்பாவின் தங்கையான மாமிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். 46 வயதில் இறந்ததாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்து ஆண்கள் அறுபதைக் காண மாட்டார்கள் என்றும், மாடன் சாமிக்குக் கொடை குறைந்துபோனதுதான் காரணம் என்றும் ஒரு பேச்சு எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டில் உண்டு. அந்தப் பேச்சை நான் இப்போது இகழ மாட்டேன். ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப ஒன்று நடக்கிறது என்பதை எங்கள் முன்னோர் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். அதற்கான காரணத்தை அறியும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு விரலை மடக்கி எண்ணினார்: நெருங்கிய உறவில் மூன்று பேர், அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகள், அவர்களில் ஒருவருக்காவது ஐம்பது வயதுக்குள். இது ஆம்ஸ்டர்டாம் வரையறை என்று அழைக்கப்படுகிறது. முதலில் பெருங்குடல் புற்றுநோயை மட்டுமே கணக்கில் கொண்டிருந்த அந்த வரையறையில், 1999-இல் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் உள்ளிட்ட வேறு சிலவும் சேர்க்கப்பட்டன. மாமியின் நோயும் அப்பாவின் நோயும் வெவ்வேறு அல்ல, ஒன்றின் இரு கிளைகள் என்று அன்றுதான் அறிந்தோம்.

அதன் பெயர் லிஞ்ச் நோய்க்குறி. இதன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், பாலின் கிராஸ் என்ற தையற்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்து இறக்கிறார்கள், தானும் அப்படித்தான் இறக்கப்போகிறேன் என்று சொன்னார். வார்த்தின் அந்தப் பேச்சைத் தள்ளிவிடாமல் அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து 1913-இல் எழுதினார். பாலின் தான் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். 1966-இல் ஹென்றி லிஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவர் இதே போன்ற குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை நம்பப் பலர் தயங்கினார்கள். 1993-இல் எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு கண்டறியப்பட்டது; 2000-இல் அந்தத் தையற்காரப் பெண்ணின் குடும்பத்திலேயே அந்த மரபணுவில் இருந்த பிழை காணப்பட்டது. அவர் சொன்னதற்கும் அது மெய்ப்பிக்கப்பட்டதற்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல். எங்கள் வீட்டுப் பாட்டிமார்களும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; கேட்டு எழுதிவைக்க ஒரு வார்த்தின் இங்கே இருக்கவில்லை.

மரபணுப் பிழை என்றால் என்ன என்பதை, எனக்கு விளங்கிய வகையில் சொல்கிறேன். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை வருகின்றன. ஒவ்வொரு முறை ஒரு செல் இரண்டாகும்போதும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய ஆதாரப் பத்திரத்தை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு படிகளையும், அது நகலெடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த எழுத்தராக இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழும். ஒரே எழுத்து பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து வருகிற இடங்களில் எண்ணிக்கை தவறிவிடுவது மிக எளிது. எழுத்தர் எழுதி முடித்ததும் அசலோடு ஒப்புநோக்கித் திருத்துகிற வேறொருவர் இருப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு மரபணுக்கள்தான் அந்தத் திருத்துநர்கள். ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு படிகள் உண்டு; லிஞ்ச் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஒரு படி பிறவியிலேயே பழுது. மற்றது நன்றாக இருக்கும் வரை குறையேதும் இல்லை. குடலின் ஏதோ ஒரு செல்லில் அந்த இரண்டாவது படியும் கெட்டுப்போகும் நாளில், அந்தச் செல்லின் வழிவந்த எல்லாச் செல்களிலும் பிழைகள் திருத்தப்படாமல் குவியத் தொடங்குகின்றன.

அண்ணனின் கட்டியை வெட்டியெடுத்த பின் அதில் இந்த நான்கு மரபணுக்களும் உண்டாக்கும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்தார்கள். எம்.எஸ்.எச்.2-வும் எம்.எஸ்.எச்.6-உம் இல்லை. எம்.எஸ்.எச்.2 துணையில்லாமல் எம்.எஸ்.எச்.6 நிலைத்திருக்க முடியாது. ஆகவே பழுது பெரும்பாலும் முன்னதில்தான் இருக்கும் என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் அதுவே உறுதிப்பட்டது. இப்பழுதை உடையவருக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் ஏறக்குறைய அதே அளவு. பிள்ளைகளுக்கு இது போய்ச் சேரும் வாய்ப்பும் சரிபாதி. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. ஒரு பிள்ளைக்கு வராவிட்டால் அந்தக் கிளையில் அதோடு நின்றுவிடும். ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததில் முளைப்பதில்லை. மூத்த பெரியப்பா நலமாக இருக்கிறார் என்றால் அவர் மக்களும் பேரப்பிள்ளைகளும் அநேகமாகத் தப்பித்தவர்கள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் பெரியப்பாவிடம் பழுது இல்லை என்றே வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டபோது அவர் அழுதார். தம்பிமார்களுக்கும் தங்கைக்கும் வந்தது தனக்கு மட்டும் வராமல் போனதே என்று 78 வயதில் அவர் அழுததை என்னால் மறக்க முடியாது.

பெருங்குடல் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் லிஞ்ச் வகையினர். பெரும்பாலோருக்கு இது பிறவிப் பழுதால் வருவதில்லை; வாழும் காலத்தில் சேரும் பிழைகளால் வருகிறது. அந்த வழியை 1990-இல் ஃபியரன், வோகல்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் படிப்படியாக விவரித்தார்கள். முதலில் ஐந்தாம் குரோமோசோமில் இருக்கும் ஏ.பி.சி. என்ற மரபணு கெடுகிறது. குடற்சுவரில் பாலிப் எனப்படும் சிறு மொட்டு எழும்புகிறது. பிறகு கே.ராஸ் என்ற மரபணு எப்போதும் முடுக்கிவிடப்பட்ட நிலையில் நின்றுவிடுகிறது, மொட்டு பெரிதாகிறது. பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. கடைசியாக, பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் காவலான பி53 போய்விடுகிறது. மொட்டு புற்றாக மாற இந்த வழியில் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவு ஆகும். எல்லா மொட்டுகளும் அப்படி மாறுவதில்லை, மாறுபவை சிலவே. ஆனால் எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கண்ட மொட்டை எல்லாம் எடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி நான் மிகுதியாக யோசிப்பதுண்டு. வேறு எந்த உள்ளுறுப்புப் புற்றுநோயும் இவ்வளவு நீண்ட காலம், கண்ணால் பார்த்துக் கம்பியால் வெட்டி எடுக்கத்தக்க வடிவில், வலியின்றிக் காத்திருப்பது அரிது. லிஞ்ச் குடும்பத்தினருக்கோ அந்த அவகாசம் சுருங்கிவிடுகிறது. திருத்துநர் இல்லாத செல்லில் பிழைகள் விரைந்து சேர்வதால், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே மொட்டு புற்றாகிவிடக்கூடும். மற்றவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை போதும் என்கிற கொலோனோஸ்கோப்பியை, எங்களைப் போன்றவர்கள் 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான். குடும்பத்தில் எவருக்கேனும் 25 வயதுக்கு முன்பே நோய் வந்திருந்தால், அந்த வயதுக்கும் சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்க வேண்டும். ஆகவேதான் வயதைச் சரியாக எழுதிவைப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

புற்றாகிய பின் அது குடற்சுவரின் அடுக்குகளை உள்ளிருந்து வெளியே துளைத்துச் செல்கிறது. உட்புறச் சளிப்படலத்தோடு நிற்கும் வரை பரவும் வழி ஏறக்குறைய இல்லை. அதற்கு அடியிலுள்ள படலத்தை எட்டியதும் நிணநீர்க் குழாய்கள் கிடைத்துவிடுகின்றன. தசையைக் கடந்து, நிணநீர் முடிச்சுகளில் தங்கி, இரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. குடலின் இரத்தம் முழுவதும் முதலில் கல்லீரலுக்கே செல்வதால் அதுவே முதல் இலக்கு. குடலோடு நின்ற நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்பவர்கள் அமெரிக்கப் பதிவுகளின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர். தொலைவுக்குப் பரவிய பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 15 பேர் அளவே. அப்பா அந்த இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். அண்ணனின் கட்டி தசையைக் கடந்திருந்தது. ஆனால் ஆராய்ந்த 24 முடிச்சுகளில் ஒன்றில்கூட நோய் இல்லை. குறைந்தது 12 முடிச்சுகளையாவது பார்த்தால்தான் அப்படி நம்பிச் சொல்ல முடியுமாம். முடிச்சுக்குப் பரவாத நிலையில் இந்த வகைக் கட்டிக்கு வழக்கமான கீமோ மருந்தால் பயனில்லை என்பதால், அவருக்கு அறுவை சிகிச்சையோடு நின்றது. இவ்வகைக் கட்டிகளில் பிழைகள் மிகுதியாக இருப்பதால் உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அந்நியமென்று எளிதில் அடையாளம் காண்கிறது. 2017-இல் அமெரிக்காவில், எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல் இந்த மரபணுத் தன்மையை மட்டும் பார்த்துக் கொடுக்கலாம் என்று ஒரு எதிர்ப்பாற்றல் மருந்துக்கு முதன்முறையாக அனுமதி அளித்ததும் இந்தக் காரணத்தால்தான்.

மரபணுவைப் பற்றி இவ்வளவு எழுதியதால், மற்றவை பொருட்டல்ல என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வயது ஏறஏற வாய்ப்பு ஏறுகிறது. பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ ஒருவருக்கு வந்திருந்தால், எந்த மரபணுப் பழுதும் தெரியாவிட்டாலும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நீரிழிவு, உடற்பருமன், புகை, மது, நெடுங்காலக் குடல் அழற்சி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை எல்லாம் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கூட்டுறவு வங்கியில் காலை முதல் மாலை வரை நாற்காலியில் இருக்கும் நான் இதைச் சொல்லாமல் விட முடியாது. இறைச்சியைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேசுவது எளிதன்று; பொரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் இல்லாத அந்திக்கடை எல்லையின் இருபுறமும் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் சொன்னது இது: உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி, நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும். சாதாரண மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த வகையில் வைக்கப்பட்டது. ஏதோ ஒரு நாள் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் உண்டு, கீரையும் பயறும் பழமும் தொடாதவர் யோசிக்க வேண்டும். 18 விழுக்காடு கூடுவது ஒருபுறம், பாதிக்குப் பாதி என்பது மறுபுறம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "இறைச்சி தின்றதால்தான் உனக்கு வந்தது" என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அதை மட்டும் சொல்லாதீர்கள் என்பதே. அண்ணனிடம் அப்படிப் பலர் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு கவலையும் இருக்கிறது. மாமி மகனின் மகனுக்கு அண்ணன் மகள் முறைப்பெண். இரு வீட்டிலும் பல ஆண்டுகளாக அந்தப் பேச்சு உண்டு. இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பாக இரண்டு படிகளும் பழுதாக அமையக்கூடும். அத்தகைய பிள்ளைகளுக்கு மூளைக் கட்டியும் இரத்தப் புற்றும் குடல் புற்றும் சிறு வயதிலேயே வருகின்றன. எம்.யூ.ட்டி.ஒய்.எச். என்ற மரபணு வழியாக வரும் வேறொரு பாலிப் நோயும் இரு பெற்றோரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே தோன்றுவது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் வழக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். சொந்தத்தில் கட்டுவதைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. என் அம்மாவும் அப்பாவும்கூடச் சொந்தம்தான். படம் வரைந்து, இரத்தம் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

என் முறை 2022 கார்த்திகையில் வந்தது. பழுது எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வயது 41. கொலோனோஸ்கோப்பிக்கு மூன்று நாள் முன்பே சம்பா அரிசிச் சோறும் கீரையும் கொய்யாவும் நிறுத்தி, வெள்ளைச் சோறும் தெளிந்த மோரும் மட்டும் உண்டேன். முந்தின நாள் மாலை, உப்பும் எலுமிச்சையும் கலந்த சுவையுள்ள ஒரு தூளை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால்மணிக்கு ஒரு தம்ளராகக் குடித்து முடித்தேன். கடினமான பகுதி அது ஒன்றுதான். மறுநாள் மயக்கம் குறைவாகக் கேட்டுக்கொண்டதால் திரையை என்னால் பார்க்க முடிந்தது. நனைந்த சிப்பியின் உட்புறம் போல இளஞ்சிவப்பாக, நரம்போடிய, பளபளக்கும் ஒரு குகை. வலப்பக்கக் குடலின் ஒரு மடிப்புக்குப் பின்னால் மருத்துவர் குழாயை நிறுத்தி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றியது. நரம்போட்டம் திடீரென்று மறைந்துபோன ஆறு மில்லிமீட்டர் இடம் ஒன்று, தரையில் காய்ந்த கஞ்சித்துளி போலத் தட்டையாக, அங்கே இருந்தது. அதன் அடியில் நீல மருந்தை ஏற்றினார்; அந்த இடம் கொப்புளமாக எழும்பியது; கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கினார்; எனக்கு எந்த வலியும் இல்லை. அறிக்கையில் அடினோமா, அதாவது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய மொட்டு, என்று வந்தது. அப்பாவுக்கும் ஒரு காலத்தில் இதே அளவில் ஒன்று இருந்திருக்கும்.

இவையெல்லாம் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டின் அரசுத் திட்டத்தில் 30 வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை உண்டு, பெருங்குடலுக்கு இல்லை. அமெரிக்காவில் குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள், இளையவர்களிடம் இந்நோய் கூடிவருவதால். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் சோதனைக்குக் குழாயோ மயக்கமோ வேண்டாம். அதையாவது எங்கள் வட்டாரத்தில் ஆரம்ப நலவாழ்வு நிலையங்களில் செய்யத் தொடங்கினால் எத்தனையோ மூல மருந்துப் புட்டிகள் வாங்கப்படாமல் இருக்கும். லிஞ்ச் பழுது உடைய 861 பேரிடம் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரினை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுத்தவர்களுக்குப் பின்னாளில் பெருங்குடல் புற்றுநோய் வருவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2020-இல் வெளியான நீண்டகால முடிவு சொல்கிறது. இரைப்பையில் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய மருந்து அது. கடையில் தானாக வாங்கித் தின்னத்தக்கது அன்று. என் மருத்துவர் என் வயிற்றைப் பார்த்து அளவை முடிவு செய்து கொடுத்தார்.

உறவினர்களிடம் சொல்வதுதான் மிகக் கடினமாக இருந்தது. பெண்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்த பின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும் என்று சொல்வதற்கு, சித்தப்பா, மாமா என்ற முறையில் நிற்கும் எனக்கு நாக்கு எழவில்லை. மதினிதான் ஒவ்வொரு வீட்டிலும் அடுக்களையில் உட்கார்ந்து பேசினார். பாறசாலை மாமியின் மகன் முதலில் கதவையே சாத்திவிட்டார். "பையனுக்குப் பெண்ணு பார்க்கிற நேரத்துல இந்தத் தாளைக் கொண்டு வராதே மச்சான்" என்றார். அவர் அஞ்சியதில் தவறில்லை. ஊர் ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அழிக்க முடியாது. நான் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பின் ஒவ்வொரு கொடைக்கும் ஒவ்வொரு துக்கத்துக்கும் பார்த்துக்கொண்டோம். அதைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அண்ணன் இப்போது மறுபடியும் பால்வெட்டுக்குப் போகிறார். முந்நூறு இல்லாவிட்டாலும் இருநூறு மரங்கள். அவர் மகளுக்குப் பதினெட்டு நிறைந்ததும், தானே முன்வந்து இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அதன் முடிவை அவள்தான் சொல்ல வேண்டும். நான் இங்கே எழுத மாட்டேன்.

போன மாதம் பாறசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. மாமி மகன்தான். நலம் விசாரித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அலமாரியைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்ததாகச் சொன்னார். "மச்சான், அந்தப் படத்துல அம்மாவுக்கு நாற்பத்தாறுன்னு எழுதியிருந்தே இல்லையா? அது தப்பு. செத்தப்போதான் நாற்பத்தாறு. நோவு கண்டது நாற்பத்து நாலுல." முன்னாதாரத்தோடு சேர்த்து வைத்திருந்த தாளை எடுத்து, மாமியின் வட்டத்துக்கு அருகில் இருந்த 46-க்கு மேலே 44 என்று எழுதினேன். வருகிற புதன்கிழமை அவரும் அவருடைய மகனும் திருவனந்தபுரத்துக்கு இரத்தம் கொடுக்க வருகிறார்கள். களியக்காவிளையிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்; நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.